மூன்று லட்ச ரூபாய் முள்வேலி!

சமுதாயச் சொந்தங்களே!

ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நெல்பேட்டையில் ஒண்டுக் குடித்தனத்தில் வாழும் ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்வோம். கணவர் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். ஒரு நாள் கூலி 700 ரூபாய். மனைவி தையல் மிஷினில் குனிந்து நாளொன்றுக்கு 350 ரூபாய் ஈட்டுகிறார். இருவருக்கும் மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் மாத வருமானம் 26,250 ரூபாய். வருடத்திற்கு 3 லட்சத்து 15 ஆயிரம்.

இந்தக் குடும்பத்தைப் பார்த்து அரசாங்கம் என்ன சொல்கிறது தெரியுமா? “நீ ஏழை இல்லை. உனக்கு வீடு இல்லை. போய் வா!”

முதுகு ஒடிய மூட்டை தூக்குகிறவனும் கண் பூத்துப்போகத் தைக்கிறவளும் சேர்ந்து வரம்பைத் தாண்டி 15,000 ரூபாய் அதிகமாகச் சம்பாதித்து விட்டார்களாம்! மனைவி தையலை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருந்திருந்தால் தகுதி கிடைத்திருக்கும். உழைத்தது குற்றமாகி விட்டது. இதுதான் நாட்டில் நடக்கிற வீட்டு வசதித் திட்டத்தின் நீதி!

பத்து வருடம் உறைந்து போன கணக்கு

2015 ஜூன் 25 அன்று பிரதமரின் வீட்டு வசதித் திட்டம் நகர்ப்புறங்களுக்குத் தொடங்கப்பட்டது. ‘பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு’ என்றால் குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை என்று அன்று வரையறுத்தார்கள். 2024 செப்டம்பரில் அதே திட்டம் 2.0 என்று புதுப்பெயரோடு வந்தது. ஒரு கோடி வீடுகள், 2 லட்சத்து 30 ஆயிரம் கோடி ரூபாய் மானியம் என்று தம்பட்டம் அடித்தார்கள். பெயர் மாறியது, தொகை மாறியது. நலிந்தவனுக்குரிய வரம்பு மட்டும் மாறவில்லை. அதே 3 லட்சம்!

இந்த இடைவெளியில் விலைவாசி ஏறவில்லையா? வீட்டு வாடகை ஏறவில்லையா? ஏறியது என்பதற்கு அரசாங்கமே சாட்சி. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி 2016 ஜனவரியில் பூஜ்ஜியத்தில் இருந்து கணக்கிடத் தொடங்கியது. 2024 ஜூலையில் அது 53 சதவீதம். அதாவது அந்த எட்டரை ஆண்டுகளில் வாழ்க்கைச் செலவு பாதிக்கு மேல் கூடிவிட்டது என்று அரசே ஒப்புக்கொண்டு தன் ஊழியருக்குப் படி கொடுத்தது. அதே அளவுகோலை இந்த வரம்புக்கும் பொருத்தினால் 3 லட்சம் என்பது ஏறத்தாழ 4 லட்சத்து 60 ஆயிரமாக ஆகியிருக்க வேண்டும். அரசு ஊழியர் வாங்கும் அரிசியின் விலைதான் ஏறுமா? மூட்டை தூக்குகிறவன் வாங்கும் அரிசி 2015-ஆம் ஆண்டு விலைக்கா கிடைக்கிறது?

அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி உண்டு. அதைக் குறை சொல்லவில்லை. மாதா மாதம் சம்பளம் நிச்சயமாக வருகிறவருக்கே வாடகை ஒரு பாரம் என்று தெரிகிற அரசுக்கு, மழை பெய்தால் வேலை இல்லாத கூலிக்காரனின் வாடகை மட்டும் தெரியாமல் போவது எப்படி?

ஆளுக்கொரு அளவுகோல்!

ஏழை யார் என்பதற்கு இந்த நாட்டில் எத்தனை அளவுகோல்கள் என்று பாருங்கள்.

2019-இல் அரசியல் சட்டத்தின் 103-ஆவது திருத்தம் மூலம் 10 சதவீத இடஒதுக்கீடு கொண்டு வந்தார்கள். அங்கேயும் ‘பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு’ என்றுதான் பெயர். ஆனால் அங்கே வருமான வரம்பு 8 லட்சம்! இதில் பிற்படுத்தப்பட்டோருக்கு இடமில்லை. எனவே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ள லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் எவரும் அதன் வாசலைக் கூட மிதிக்க முடியாது. 2022 நவம்பர் 7 அன்று உச்சநீதிமன்றமும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை ஏற்றுக்கொண்டது.

2025 பட்ஜெட்டில் புதிய வரி முறையின் கீழ் ஆண்டுக்கு 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று அறிவித்தார்கள். மாதம் ஒரு லட்சம் வாங்குபவர் வரி கட்ட முடியாத அளவுக்கு எளியவராம்!

இன்னும் கேளுங்கள். 2017-இல் இதே வீட்டு வசதித் திட்டத்தின் கீழ் நடுத்தர வருவாய்ப் பிரிவினருக்கும் வட்டி மானியம் கொடுத்தார்கள். 2021 மார்ச் வரை அது நீடித்தது. ஆண்டுக்கு 18 லட்சம் சம்பாதிப்பவருக்குக் கூட 2 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் வரை கிடைத்தது. 18 லட்சம் உள்ளவருக்கு அள்ளிக் கொடுத்த அதே கைதான் 3 லட்சத்து 15 ஆயிரம் உள்ளவனைத் தள்ளி விடுகிறது.

வேலைக்கு 8 லட்சம், வரிக்கு 12 லட்சம், வட்டி மானியத்திற்கு 18 லட்சம். கூலிக்காரன் தலைக்கு மேல் கூரை கேட்டால் மட்டும் 3 லட்சம்!

வரம்பு தாண்டினால் இரண்டே கதவு

‘3 லட்சத்துக்கு மேல் போனால் குறைந்த வருவாய்ப் பிரிவு என்று 6 லட்சம் வரை ஒன்று இருக்கிறதே, அதில் சேரலாமே’ என்று சிலர் கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

2.0 திட்டத்தில் நான்கு பிரிவுகள். சொந்த மனையில் வீடு கட்ட மானியம். அரசும் தனியாரும் கட்டும் அடுக்குமாடியில் வீடு. குறைந்த வாடகைக் குடியிருப்பு. வீட்டுக் கடனுக்கு வட்டி மானியம். முதல் இரண்டும் 3 லட்சத்துக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமே. அந்தக் கோட்டைத் தாண்டி விட்டால் மிச்சம் இரண்டு கதவுகள். ஒன்று வட்டிக் கதவு. இன்னொன்று வாடகைக் கதவு.

வட்டிக் கதவைப் பாருங்கள். 35 லட்சம் வரை விலையுள்ள வீட்டுக்கு 25 லட்சம் வரை கடன் வாங்கினால், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். மொத்தம் 1 லட்சத்து 80 ஆயிரம் வரை, ஐந்து தவணையில். வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கிய மார்க்கத்தை நம்புகிற ஒருவன் இந்தக் கதவைத் தட்டுவானா? வட்டிக்கு அஞ்சி ஒதுங்கும் முஸ்லிமுக்கு இதில் ஒரு பைசா கிடைக்காது. 2008-இல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு வட்டியில்லா வங்கி முறைக்கு வழி திறக்கப் பரிந்துரைத்தது. 2017-இல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைக் கைவிட்டு விட்டது. ஆக, எல்லோரும் கட்டும் வரியில் இருந்து மானியம் கொடுக்கிறார்கள். ஆனால் வட்டியில் விழுந்தவனுக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள்!

எஞ்சியிருப்பது வாடகைக் கதவு. நமக்கு வட்டியும் இல்லை, கடனும் இல்லை. முறையான வாடகை, முறையான குடியிருப்பு. மார்க்கத்துக்கும் இடறல் இல்லை, நடைமுறைக்கும் ஏற்றது. 2020-இல் ஊரடங்கு போட்டபோது வாடகை கொடுக்க முடியாமல் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் நகரங்களை விட்டு நடந்தே ஊர் திரும்பிய காட்சியைப் பார்த்த பிறகுதான் மத்திய அரசுக்கு வாடகைக் குடியிருப்பு என்ற நினைப்பே வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் திட்டம் அறிவித்தார்கள். முந்தைய திட்டங்களில் கட்டப்பட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் நாடு முழுவதும் பூட்டிக் கிடக்கின்றன, அவற்றை வாடகைக்கு விடுவோம் என்றார்கள். சில ஆயிரம் வீடுகளோடு அது நின்று போனது.

காலி வீடு ஒரு பக்கம். கூரையில்லாத குடும்பம் ஒரு பக்கம். நடுவில் நிற்பது என்ன? ஊருக்கு வெகு தொலைவில், பஸ் வசதி இல்லாத இடத்தில் கட்டுகிற மூளையும், வருமானச் சான்று என்ற வேலியும்தான்!

அழகர்கோவில் சாலையில் ஓர் அநீதி

மதுரையில் இருந்து அழகர்கோவிலுக்குச் சுமார் 20 கிலோமீட்டர். தல்லாகுளம், புதூர், அப்பன்திருப்பதி என்று போகிற ஒரே சாலை. இந்தச் சாலையில் ஏழ்மைக்கு இரண்டு விதமான இலக்கணம் இருக்கிறது.

புதூரில் குடியிருந்தால் நகர்ப்புறத் திட்டம். குடும்பம் முழுவதும் சேர்ந்து மாதம் 25,000 வரை சம்பாதிக்கலாம். அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்தில் குடியிருந்தால் கிராமப்புறத் திட்டம். அங்கே குடும்பத்தில் யாராவது ஒருவர் மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால் தகுதி போய்விடும். 2024 வரை அதுகூட 10,000 ரூபாயாகத்தான் இருந்தது. டூவீலர் வைத்திருந்தாலும், ஃபிரிட்ஜ் வைத்திருந்தாலும் விலக்கி வைத்தார்கள். 2024-இல்தான் அந்த விதிகளை நீக்கினார்கள்.

கிராமத்தில் இருந்து பஸ் ஏறி மதுரை ஜவுளிக் கடைக்கு வேலைக்கு வரும் நம் வீட்டுப் பையன் ஒருவன் மாதம் 16,000 சம்பளம் வாங்கினால் போதும். அவன் குடும்பம் பணக்காரக் குடும்பம்! அவனோடு அதே கடையில், அதே சம்பளத்தில் நின்று துணி விரிக்கும் புதூர்ப் பையன் ஏழை! ஒரே கடை, ஒரே சம்பளம், ஒரே பஸ். தீர்ப்பு மட்டும் இரண்டு.

வியாபாரிகளுக்கு இன்னொரு அடி. கிராமப்புறத் திட்டத்தில் தொழில் வரி கட்டுபவரும் விலக்கப்பட்டவர். தமிழ்நாட்டில் அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டினாலே தொழில் வரி உண்டு. மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் என்று அர்த்தம்! சட்டத்தை மதித்து வரி கட்டி ரசீதை பத்திரப்படுத்திய பெட்டிக் கடைக்காரர், அந்த ரசீதாலேயே வீட்டை இழக்கிறார்.

தமிழக அரசு 2024-இல் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தைக் கொண்டு வந்தது. குடிசைகளுக்குப் பதிலாக வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாயில் கான்கிரீட் வீடு. 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் அது சொந்த இடத்தில் குடிசை போட்டிருப்பவருக்கு. தலைமுறை தலைமுறையாக வாடகை வீட்டில் ஒதுங்கி வாழும் குடித்தனக்காரருக்கு அங்கே என்ன இருக்கிறது?

விற்றுமுதல் வருமானமா?

சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. விளக்குத்தூண் பக்கம் நடைபாதையில் துணி விற்பவருக்கு என்ன இருக்கிறது?

நாளொன்றுக்கு 5,000 ரூபாய்க்கு வியாபாரம் ஆகிற ஒரு சிறு கடையை எடுத்துக் கொள்ளுங்கள். வருடத்தில் 300 நாள் கடை திறந்தால் விற்றுமுதல் 15 லட்சம். கொள்முதல், கடை வாடகை, கரண்ட் பில் எல்லாம் போக நூற்றுக்குப் பத்து நின்றால் கையில் மிஞ்சுவது ஒன்றரை லட்சம். இவர் ஏழை. ஆனால் பேங்க் புத்தகத்தில் வரவைப் பார்ப்பவர் கண்ணுக்கு இவர் 15 லட்சத்துக்காரர்! முன்பு கல்லாப்பெட்டியில் விழுந்த காசு இப்போது செல்போன் வழியாகக் கணக்கில் விழுகிறது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் இந்தச் செல்போன் வரவை வைத்தே சிறு கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் அனுப்பி அலற வைத்தார்கள். நாளை வருமானச் சான்றுக்கும் இதே கண்ணாடியைப் போட்டுக் கொண்டால் நம் வியாபாரிகளின் கதி என்ன?

முந்தைய திட்டத்தின் வழிகாட்டு நெறியிலேயே, வட்டி மானியம் கேட்பவர் வருமானத்துக்கு சுய உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் போதும் என்று இருந்தது. 18 லட்சத்துக்காரர் வரை நம்பி ஏற்கப்பட்ட வாக்குமூலம், வாடகை வீடு கேட்கும் நடைபாதை வியாபாரியிடம் மட்டும் ஏன் செல்லாது?

இன்னொன்றையும் இளைஞர்கள் நினைவில் வையுங்கள். இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். அண்ணன் தம்பி ஒரே வீட்டில், ஒரே உலையில் சமைத்துச் சாப்பிடலாம். அதற்காக சவூதியில் இருக்கும் அண்ணன் சம்பளத்தைத் தம்பி கணக்கில் சேர்க்க முடியாது. சேர்த்து எழுதினால் எதிர்த்துக் கேளுங்கள். கேட்காமல் இழந்த உரிமைகள் நம்மிடம் ஏராளம்.

வீடு கேட்டால் பெயர் கேட்கிறார்கள்

சித்திரைத் திருவிழாவில் அழகர்கோவிலில் இருந்து புறப்படும் கள்ளழகர், வைகையில் இறங்கி வண்டியூருக்குப் போவது துலுக்க நாச்சியார் வீட்டுக்குத்தான் என்று மதுரை மக்கள் கதை சொல்வார்கள். நம் கொள்கைக்கும் அந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கேட்கிறோம். சாமியே துலுக்கச்சி வீட்டுக்கு வருகிறது என்று பெருமையாகக் கதை பேசும் அதே ஊரில், துலுக்கனுக்கு வாடகைக்கு வீடு இல்லை என்று கதவைச் சாத்துவது எந்த ஊர் நியாயம்?

‘சைவம் மட்டும்’ என்று பலகை தொங்குகிறது. பெயரைச் சொன்னதும் ‘நேற்றே வேறு ஆளுக்கு விட்டாச்சு’ என்கிறார்கள். எல்லோரும் அப்படி அல்ல. மாமன் மச்சான் என்று பழகி, முஸ்லிமுக்கு வீடு கொடுத்து நோன்புக் கஞ்சி வாங்கிக் குடிக்கும் நல்ல உள்ளங்கள் இந்த மண்ணில் நிறைய உண்டு. ஆனாலும் வீடு வாங்குவதிலும் வாடகைக்கு எடுப்பதிலும் முஸ்லிம்கள் தடையைச் சந்திக்கிறார்கள் என்பதை 2006-இல் சச்சார் குழுவே பதிவு செய்தது. தமிழக வாடகைச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. எழுத்துமூல ஒப்பந்தம் வேண்டும், பதிவு வேண்டும் என்கிறது. மதத்தைச் சொல்லி வீடு மறுப்பவரை அது தடுக்கவில்லை.

விளைவு? காஜிமார் தெரு, மகபூப்பாளையம், நெல்பேட்டை என்று நாம் நெருக்கியடித்து வாழ்கிறோம். நெருக்கம் கூடக் கூட வாடகை ஏறுகிறது. அரசு வாடகைக் குடியிருப்பு வந்தால் அங்கே பெயரைக் கேட்டுக் கதவைச் சாத்த முடியாது. அரசு மதத்தின் பெயரால் பாகுபாடு காட்டக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. அதனால்தான் இந்த வருமான வரம்பு நமக்கு வெறும் பொருளாதாரப் பிரச்சினை அல்ல, மானப் பிரச்சினை!

மும்பைக்கு ஒரு நீதி, மதுரைக்கு ஒரு நீதியா?

‘டெல்லி போட்ட வரம்பு, நாங்கள் என்ன செய்ய முடியும்?’ என்று இங்கே உள்ளவர்கள் கைவிரிப்பார்கள். நம்பாதீர்கள்! உள்ளூர் நிலைமைக்கேற்ப வரம்பை மாற்றிக் கொள்ள, மத்திய அரசின் ஒப்புதலோடு, மாநிலங்களுக்கு வழி இருக்கிறது. 2023-இல் மகாராஷ்டிர அரசு கேட்டது. மும்பைப் பெருநகரப் பகுதிக்கு 3 லட்சம் என்பது 6 லட்சமாக உயர்ந்தது. கேட்டவனுக்குக் கிடைத்தது!

அமெரிக்காவைப் புகழ்வதில் நமக்கு ஆசை இல்லை. ஆனாலும் 1974 முதல் அங்கே நடக்கும் வாடகை உதவித் திட்டத்தைப் பாருங்கள். வருமான வரம்பை ஊருக்கு ஊர், குடும்பத்தின் தலைக்கட்டு எண்ணிக்கைக்கு ஏற்ப, வருடா வருடம் மாற்றுகிறார்கள். குடும்பம் தன் வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை வாடகையாகக் கொடுத்தால் மீதியை அரசு ஏற்கிறது. அங்கும் தகுதியுள்ள எல்லோருக்கும் கிடைப்பதில்லை. காத்திருப்போர் வரிசை நீளம். ஆனால் மூன்று பேர் குடும்பத்துக்கும் எட்டுப் பேர் குடும்பத்துக்கும் ஒரே வரம்பு என்ற மூடத்தனம் அங்கே இல்லை.

நம் முதுகிலும் அழுக்கு உண்டு

ஆட்சியாளர்களைக் கேட்பதோடு கடமை முடியவில்லை. நம்மையும் கேட்டுக் கொள்வோம்.

மார்பிள் பதித்த மாடி வீட்டில் இருந்து கொண்டு, ஆளைப் பிடித்து 72,000 ரூபாய் வருமானச் சான்று வாங்குகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்களா இல்லையா? அது சாமர்த்தியம் அல்ல. ஏழையின் பங்கைத் திருடுவது. நாளை மறுமையில் இதற்கு எந்தச் சான்றைக் காட்டுவார்கள்?

ஒத்தி என்ற பழக்கம் மதுரையில் வேரோடிப் போயிருக்கிறது. மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருப்பது. கெடு முடிந்ததும் பணத்தைத் திரும்பப் பெறுவது. கொடுத்த கடனுக்கு ஆதாயம் பெறுவதாலேயே இது வட்டியின் சாயல் என்று ஆலிம்கள் பலர் எச்சரித்து வருகிறார்கள். ஒத்திப் பணம் புரட்ட வீட்டுப் பெண்களின் நகை வட்டிக் கடைக்குப் போகிறது என்பது இன்னொரு கொடுமை. நியாயமான வாடகைக்கு வீடு கிடைத்தால் யார் ஒத்திக்கு ஓடுவார்கள்?

முஸ்லிம் வீட்டு உரிமையாளர்களே! சமுதாயத்து ஏழை வேறெங்கும் போக முடியாது என்ற தைரியத்தில் வாடகையை ஏற்றாதீர்கள். ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள், ரசீது கொடுங்கள். அந்த ஒரு தாள்தான் அவருக்கு முகவரிச் சான்று, ரேஷன் கார்டு, வருமானச் சான்று எல்லாவற்றுக்கும் முதல் படி.

2025 வக்பு திருத்தச் சட்டத்தை எதிர்த்து வீதிக்கு வந்தோம். செப்டம்பர் 15 அன்று உச்சநீதிமன்றம் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தது. போராட்டம் தொடரட்டும். ஆனால் வக்பு நிலத்தில் ஏழைகளுக்கு எத்தனை வாடகை வீடு கட்டினோம் என்று கேட்டால் என்ன பதில்? அடிமாட்டு வாடகைக்கு வசதி படைத்தவர்களிடம் கடைகளைக் கொடுத்து விட்டு ஏழையை ஒண்டுக் குடித்தனத்தில் விட்டது யார்? முத்தவல்லிகளும் ஜமாஅத் நிர்வாகிகளும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்!

நாம் கேட்பது இதுதான்

ஒன்று: மும்பைக்குப் போல மதுரை உள்ளிட்ட தமிழக நகரங்களுக்கும் நலிந்த பிரிவின் வரம்பை 6 லட்சமாக உயர்த்த மாநில அரசு டெல்லியிடம் எழுத்துமூலம் கோர வேண்டும்.

இரண்டு: அகவிலைப்படி ஏறும்போதெல்லாம் இந்த வரம்பும் ஏற வேண்டும். குடும்ப எண்ணிக்கை கணக்கில் வர வேண்டும்.

மூன்று: சிறு வியாபாரிக்கு விற்றுமுதலை அல்ல, நிகர வருமானத்தைப் பார்க்க வேண்டும், சுய உறுதிமொழியை ஏற்க வேண்டும். தொழில் வரி ரசீதைக் காட்டி கிராமப்புற வீட்டை மறுக்கும் விதி போக வேண்டும்.

நான்கு: வட்டி மானியத்துக்குச் சமமான தொகையை, வட்டிக் கடன் வாங்காத குடும்பங்களுக்கு வாடகை உதவியாகக் கொடுக்க வேண்டும்.

ஐந்து: கிராமப்புறத் திட்டத்தில் சிறுபான்மையினருக்கு இயன்றவரை 15 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. மதுரை மாவட்டத்தில் அது எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற பட்டியலை ஆட்சியர் அலுவலகம் ஊராட்சி வாரியாக வெளியிட வேண்டும்.

இது முஸ்லிமுக்கு மட்டும் கேட்கும் சலுகை அல்ல. வரம்பு உயர்ந்தால் மாட்டுத்தாவணியில் நம்மோடு சேர்ந்து மூட்டை தூக்கும் எல்லாச் சகோதரருக்கும் கூரை கிடைக்கும்.

இளைஞர்களே! வாட்ஸ்அப்பில் ஆவேசப்படுவதை நிறுத்திவிட்டு ஒரு நோட்டை எடுங்கள். உங்கள் மஹல்லாவில் வாடகைக் குடித்தனம் எத்தனை, அதில் 3 லட்சத்துக்கு உட்பட்டவர் எத்தனை, சில ஆயிரம் ரூபாயில் வரம்பைத் தாண்டி வெளியே விழுந்தவர் எத்தனை என்று வீடு வீடாக எழுதுங்கள். ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அந்த நோட்டு ஆட்சியர் மேஜைக்குப் போகும்போது, ஓட்டுக் கேட்டு வருபவர்களின் கைக்கும் ஒரு நகல் போகட்டும். எங்கள் தலைக்கு மேல் கூரைக்கு என்ன வழி என்று கேட்டு, பதில் வந்த பிறகு சால்வை போடுங்கள்.

உழைக்கிறவன் கூரை கேட்பது பிச்சை அல்ல. உரிமை! இன்ஷா அல்லாஹ், இந்த முள்வேலி அகலும் வரை நம் குரல் ஓயாது.